கைமடியின் மகள்

நான் கொரியாவுக்குப் போகிறேன் என்றதும் எல்லோரும் எனக்கு ராணி கதை சொன்னார்கள். "நம்ம ஊர் இளவரசி ஒருத்தி கப்பலேறிப் போய் அங்க ராணியானாளாம், தெரியுமா?" துறைப் பேராசிரியர் சொன்னார். வீட்டு ஓனர் சொன்னார். பாஸ்போர்ட் போட்டோ எடுத்த ஸ்டூடியோக்காரரும் சொன்னார். 13ஆம் நூற்றாண்டுக் கொரிய நூலான 'சம்குக் யூசா'வில் ஹோ ஹ்வாங்-ஓக் என்ற அரசி அயுதா என்னும் நாட்டிலிருந்து கடல் கடந்து வந்ததாக எழுதியிருக்கிறது. அந்த அயுதா அயோத்திதான் என்று வடக்கே சிலர் சொல்கிறார்கள். நம் தென்கோடிதான் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள்.

அம்மா ராணியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பருப்புப்பொடியைப் பிளாஸ்டிக் டப்பாவில் அமுக்கி அடைத்துக்கொண்டே, "அங்க பாத்ரூமெல்லாம் எப்படி கண்ணு? வெளிய சுத்தற எடத்துல போக விடுவாங்களா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கும்மா" என்றேன். இவ்வளவு பெரிய பயணத்துக்கு இவ்வளவு சின்னக் கேள்வியா என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். பதினேழு வயதில் கைமடியாகச் சேர்ந்தாள். இப்போது நாற்பத்து மூன்று, செக்கிங்கில் இருக்கிறாள். திருப்பூர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டெய்லர் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து அடிப்பார். அவருக்குப் பக்கத்தில் நின்று பீஸை எடுத்துக் கொடுப்பதும், தைத்து விழுந்ததை வாங்கி மடித்து அடுக்குவதும், பிசிறு வெட்டுவதும் கைமடியின் வேலை. நாள் முழுக்க நின்றபடிதான். பெரும்பாலும் பெண்கள்தான், அதிலும் வயதில் சிறியவர்கள்.

பயண விண்ணப்பத்தில் 'பெற்றோரின் தொழில்' என்ற இடத்தில் நான் 'தையல் தொழில்' என்று எழுதினேன். அம்மா ஒருநாள்கூடத் தையல் மெஷினில் உட்கார்ந்ததில்லை. என் வகுப்புத் தோழிகள் அம்மா டெய்லரிங் கடை வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. முதுகலை மகளிரியல் படிக்கிற, பெண் உழைப்பைப் பற்றி இரண்டு செமினார் பேப்பர் வாசித்த நான்தான் இப்படி எழுதினேன்.

பன்னிரண்டு நாள் கல்விப் பயணம். பதினான்கு மாணவிகள், இரண்டு ஆசிரியர்கள். தங்குமிடமும் வகுப்புகளும் சியோலில் ஒரு பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. டிக்கெட்டில் பாதியை எங்கள் பல்கலைக்கழகம் கொடுத்தது. மீதிக்கு அம்மா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தாள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இல்லை. அவர் எங்களை விட்டுப் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. தாய் அல்லது தந்தை, ஒருவர் பெயர் இருந்தாலே போதும் என்று 2016 டிசம்பரில் விதி மாறியதை நான் முன்னமே படித்து வைத்திருந்தேன். "பொட்டப்புள்ளைய அத்தன தூரம் தனியா அனுப்பறியே" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டபோது அம்மா சொன்னாள்: "நான் பதினேழு வயசுல கம்பெனிக்கு யாரு கூடப் போனேன்?"

2023 நவம்பர் முதல் வாரம் சியோலில் இறங்கினோம். சாலையெங்கும் கிங்கோ மரங்கள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. படத்தில் பார்த்தால் மயங்கிப்போவீர்கள். விழுந்த பழத்தை மிதித்தால் நாற்றம் குடலைப் புரட்டும். அதைப் படத்தில் காட்டுவதில்லை.

முதல் இரண்டு நாள் ஊர் சுற்றல். க்யோங்போக்குங் அரண்மனைக்கு ஹான்போக் உடை அணிந்து போனால் நுழைவு இலவசம் என்றதும் எல்லோரும் வாடகைக் கடைக்கு ஓடினார்கள். உடை வாடகையைவிட நுழைவுச்சீட்டு மலிவு என்று நான் கணக்குப் பார்த்தேன். பிறகு நானும் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு நாளாவது ராணி வேஷம் போடலாமே. ஆனால் பாவாடையைக் கையில் வாங்கியவுடன் என் விரல்கள் தாமாகவே உள்பக்கத்தைப் புரட்டித் தையல் ஓரத்தைப் பார்த்தன. பிசிறு வெட்டாமல் விட்டிருந்தார்கள். செக்கிங்காரியின் மகள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அம்மா இந்தக் கட்டுரையை ஏற்கமாட்டாள். 1905இல் தொடங்கிய குவாங்ஜாங் சந்தையில் பாதையின் நடுவிலேயே அடுப்பு வைத்து வயதான பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஊறவைத்த பச்சைப்பயறைக் கண்ணெதிரே கல்லில் அரைத்து, எண்ணெய் நிறைய விட்டுத் தடியாகச் சுட்டுத் தருகிறார்கள். பிந்தேத்தோக் என்று பெயர். நம்முடைய அடைக்குத் தங்கச்சி என்று சொல்லலாம். சைவம் சாப்பிடும் தோழி ஒருத்திதான் பாவம். கிம்ச்சி வெறும் முட்டைக்கோஸ்தானே என்று நம்பி நாலு நாள் தின்றாள். அதில் உப்பிட்ட இறாலும் மீன் சாறும் சேர்ப்பார்கள் என்று தெரிந்த பிறகு வாழைப்பழமும் என் பருப்புப்பொடியும்தான் அவளைக் காப்பாற்றின.

எங்களுக்குத் துணையாக வந்த கொரிய மாணவிக்கு ஐந்தாம் நாள் பிறந்தநாள். காலையில் கேன்டீனில் கடற்பாசி சூப்பை எங்களுக்கும் வாங்கிக் கொடுத்தாள். மியோக்-குக். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அங்கே கொடுக்கிற பத்தியச் சாப்பாடு இதுதானாம். தன்னைப் பெற்றபோது அம்மா குடித்ததைப் பிள்ளை ஒவ்வொரு பிறந்தநாளிலும் குடிக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல வழக்கம் என்றேன். "பிறந்தநாளில் இதை யார் சமைப்பார்கள்?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "அம்மாதான்."

வகுப்புகள் ஆறாம் நாளிலிருந்து. ஒரு நாள் இஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போனோம். 1886இல் மேரி ஸ்க்ராண்டன் என்ற அமெரிக்க மிஷனரிப் பெண் ஒரே ஒரு மாணவியோடு தொடங்கிய பள்ளி இன்று இவ்வளவு பெரிதாகியிருக்கிறது. திருமணமான பெண் அங்கே படிக்கக் கூடாது என்ற விதி 2003 வரை இருந்தது என்று கேட்டபோது எங்களில் பாதிப்பேர் சிரித்தோம். எங்களோடு இளங்கலை படித்தவர்களில் கல்யாணத்தோடு படிப்பை நிறுத்தியவர்களை நினைத்துப் பார்த்தேன். நம் ஊரில் அதற்கு விதி எதுவும் தேவைப்படவில்லை. இன்னொரு வகுப்பில் 'ஹோஜு' முறையைப் பற்றிச் சொன்னார்கள். குடும்பத்துக்கு ஆண்தான் தலைவன், பெண் அப்பா பெயரின் கீழோ கணவன் பெயரின் கீழோதான் பதிவேட்டில் இருக்க முடியும். பெண்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 2005இல் அரசியல் சாசன நீதிமன்றம் அது சாசனத்துக்குப் பொருந்தாது என்றது. 2008 ஜனவரி முதல் அந்த முறையே இல்லை. என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். அம்மா பெயர் மட்டும்.

அடுத்த நாள் பொருளாதார வகுப்பு. போரில் தரைமட்டமான நாடு ஒரு தலைமுறைக்குள் எழுந்து நின்ற கதையை 'ஹான் நதியின் அதிசயம்' என்கிறார்கள். திரையில் கோடு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. 1960களிலும் 70களிலும் ஏற்றுமதியானவை என்ன? துணி, காலணி, விக். நடுவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள். குனிந்த தலைகள். அத்தனையும் சிறு பெண்கள். அடுத்த படத்துக்குப் போவதற்குள் நான் கையைத் தூக்கினேன். "இந்தப் பெண்களின் பெயர் தெரியுமா?"

பேராசிரியை கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர்கள் பெயர் தெரியாது, ஆனால் வேறொரு பெயர் சொல்கிறேன் என்றார். கிம் கியோங்-சுக். ஒய்.ஹெச். என்ற விக் கம்பெனியில் வேலை செய்தவர். கொரியப் பெண்கள் வறுமையில் வெட்டி விற்ற கூந்தல்தான் அந்தத் தொழிலின் மூலதனம். 1979இல் முதலாளி கம்பெனியை மூடினார். ஆகஸ்டில் இருநூறு பேருக்குக் கொஞ்சம் குறைவான பெண்கள் எதிர்க்கட்சித் தலைமையகத்தில் போய் உட்கார்ந்தார்கள். 11ஆம் தேதி விடியும் முன் போலீஸ் உள்ளே புகுந்தது. அந்தத் தாக்குதலில் கிம் கியோங்-சுக் இறந்தார். அவருக்கு வயது 21. நாடெங்கும் கொந்தளிப்பு. அந்த அக்டோபரில் சர்வாதிகாரி பார்க் சுங்-ஹீயும் தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆட்சி சரிந்த கதையை எழுதுகிறவர்கள் இந்தப் பெண்களிடமிருந்துதான் தொடங்குகிறார்கள் என்று பேராசிரியை சொன்னார்.

மதியம் சொங்கேச்சொன் ஓடைக்கு நடந்தோம். கான்கிரீட்டால் மூடி மேலே நெடுஞ்சாலை போட்டு வைத்திருந்த ஓடையை 2005இல் திறந்து விட்டிருக்கிறார்கள். தண்ணீர் தெளிவாக ஓடுகிறது, காதலர்கள் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓடையை ஒட்டி பியோங்வா சந்தை. அமைதிச் சந்தை என்று அர்த்தம். பாலத்தின் மேல் ஓர் இளைஞனின் வெண்கலச் சிலை, மார்பளவு. அவன் கைமேல் யாரோ மஞ்சள் பூ வைத்துப் போயிருந்தார்கள்.

ஜொன் தே-இல். அந்தச் சந்தையில் துணி வெட்டும் வேலை செய்தவர். தன் பஸ் காசில் பட்டினி கிடந்த சிறுமிகளுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பல மைல் நடந்தே வீட்டுக்குப் போனவர். தொழிலாளர் சட்டம் என்று ஒன்று இருப்பதே தாமதமாகத்தான் அவருக்குத் தெரிந்தது. படித்துப் பார்த்தார். எல்லாம் எழுதியிருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. 1970 நவம்பர் 13 அன்று, பயனற்ற அந்தச் சட்டப் புத்தகத்தைக் கொளுத்துவதாக நண்பர்களோடு திட்டமிட்டிருந்தார். போலீஸ் தடுத்தது. தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டார். வயது 22. சட்டத்தைக் கடைப்பிடியுங்கள், நாங்கள் மெஷின் இல்லை என்று கத்திக்கொண்டே எரிந்தார். மகனுக்குக் கொடுத்த வாக்குக்காக அவர் அம்மா லீ சோ-சொன் 2011இல் இறக்கும்வரை தொழிலாளர்களோடு தெருவில் நின்றார். தொழிலாளர்களின் அம்மா என்றே அவரை அழைத்தார்கள்.

கொஞ்ச தூரத்தில் அவர் பெயரில் 2019இல் திறந்த நினைவகம். கட்டடத்தின் முகப்பு முழுக்க எழுத்துகள். 1969இல் தொழிலாளர் ஆய்வாளருக்கு அவர் எழுதிய மனு அது. துணை மாணவி எங்களுக்கு வாசித்துச் சொன்னாள்: "ஷிதாக்களின் சராசரி வயது 15. வாரத்துக்கு 98 மணி நேரம் வேலை செய்கிறார்கள்."

"ஷிதா என்றால்?"

"ஹெல்ப்பர். மெஷின்காரருக்குப் பக்கத்தில் நின்று பீஸை எடுத்துக் கொடுப்பார்கள், நூல் வெட்டுவார்கள், மடித்து வைப்பார்கள்."

எனக்குக் காது அடைத்துப்போனது. கைமடி. அதே வேலைக்கு அவர்களிடமும் தனியாக ஒரு சொல் இருக்கிறது. 98ஐ ஏழால் வகுத்தேன். நாளுக்குப் பதினான்கு மணி நேரம், லீவே இல்லாமல். அம்மாவின் ஒன்றரை ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், எழுபத்திரண்டு.

உள்ளே அந்தக் காலத்துத் தையல் அறையை அமைத்து வைத்திருக்கிறார்கள். ஓர் அறையை நடுவில் பலகை போட்டு இரண்டு தளமாக்கி, இரண்டிலும் மெஷின் போட்டு ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள். நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்து உள்ளே போனேன். குட்டை மெஷின், நூல் கண்டு, மஞ்சள் பல்பு. பின்னால் வந்த தோழி, "ஐயோ, டால் ஹவுஸ் மாதிரி எவ்ளோ க்யூட்டா இருக்கு" என்று செல்ஃபி எடுத்தாள். அவள் கெட்டவள் இல்லை. நல்ல சிநேகிதி. அவள் அப்பா திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் செல்ஃபியில் என் முகமும் இருக்கிறது; சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றிரவு எனக்கு மாதவிலக்கு வந்தது. நாலு நாள் முன்னதாகவே. குளிரில் வயிறு முறுக்கியது. துணை மாணவி கடைக்குக் கூட்டிப் போய் வேண்டியதை வாங்கித் தந்தாள். நாளை வர வேண்டாம், ஓய்வெடு, எங்கள் நாட்டில் சட்டமே இருக்கிறது என்றாள். கொரியாவின் தொழிலாளர் சட்டத்தில் மாதம் ஒரு நாள் மாதவிலக்கு விடுப்பு 1953 முதலே இருக்கிறதாம். அன்று சம்பளத்தோடு, 2003 திருத்தத்துக்குப் பிறகு சம்பளம் இல்லாமல். "உன் அம்மா எடுத்திருக்கிறாரா?" என்று கேட்டேன். சூப்பைப் பற்றிக் கேட்டபோது சிரித்த மாதிரியே சிரித்தாள்.

அப்படியானால் அந்தப் பலகைத் தளத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் சட்டப்படி அந்த லீவு இருந்தது. புத்தகத்தில் இருந்தது. ஜொன் தே-இல் கொளுத்த நினைத்தது அந்தப் புத்தகத்தைத்தான். நம்முடைய 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும் பெண்களுக்குத் தனியாக, போதுமான கழிப்பறை வேண்டும் என்று எழுதியிருந்தது. அம்மா வேலை செய்த ஒரு கம்பெனியில் வயிற்றுவலி என்று சொன்னால் சூப்பர்வைசர் மேஜை டிராயரிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துத் தருவார். பெயர் இருக்காது. போட்டால் வலி நிற்கும், மெஷினும் நிற்காது. அது என்ன மாத்திரை என்று அம்மாவுக்கு இன்றும் தெரியாது.

மறுநாள் நான் ஓய்வெடுக்கவில்லை. அன்று குரோ போகிற நாள்.

குரோ 1960களில் கட்டிய தொழிற்பேட்டை. கிராமத்துப் பெண்கள் ரயிலேறி வந்து சேர்ந்த இடம். இன்று கண்ணாடிக் கோபுரங்கள், ஐ.டி. கம்பெனிகள். ரயில் நிலையத்தின் பெயரைக்கூட 'காசான் டிஜிட்டல் வளாகம்' என்று மாற்றிவிட்டார்கள். அந்தக் கோபுரங்களுக்கு நடுவில் ஒரு சின்ன வீட்டைத் தொழிலாளர் வாழ்க்கை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி வீடுகளைத் 'தேன்கூடு' என்பார்களாம். குறுகிய நடை, இருபுறமும் கதவு கதவாக அறைகள். ஓர் அறையில் பல பெண்கள். ஷிப்ட் மாற்றி ஒருத்தி எழுந்த பாயில் இன்னொருத்தி படுப்பாள். மூலையில் ஸ்டவ். சுவரில் ஆணியடித்து மாட்டிய யூனிபார்ம். எல்லோருக்கும் சேர்த்து ஒரு கழிப்பறை; காலையில் அதன் முன்னால் வரிசை நிற்கும்.

வழிகாட்டி இளைஞர் பணிவாக விளக்கினார். "இது எங்கள் கடந்த காலம். இதைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம்." எல்லோரும் தலையாட்டினோம். "யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்று பேராசிரியை கேட்டார்.

நான் அறையின் நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் லைன் வீட்டில் அப்படி நீட்டினால் ஒரு பக்கம் பீரோவும் மறுபக்கம் சுவரும் தட்டும். இங்கே இன்னும் கொஞ்சம் இடுக்கம். அவ்வளவுதான்.

"கேள்வி இல்லை மேடம்" என்றேன். குரல் நடுங்கியது. "எங்கள் வீடு இதைவிட ஓரடிதான் அகலம். எட்டு வீட்டுக்கு இரண்டு பாத்ரூம். என் அம்மா ஷிதா. ஃபார்மில் தையல் தொழில் என்று எழுதினேன், அது பொய். அம்மா டெய்லர் இல்லை, கைமடி. இது எனக்குக் கடந்த காலம் இல்லை. இன்றைக்கு வியாழக்கிழமை. அம்மா இந்நேரம் கம்பெனியில் நின்றுகொண்டிருப்பாள்."

துணை மாணவி அதைக் கொரிய மொழியில் மெதுவாகச் சொன்னாள். வழிகாட்டி என்னைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார். எனக்கு அது பிடிக்கவில்லை. வணங்கும்படி நான் ஒன்றும் செய்துவிடவில்லை. இருபத்திரண்டு வயதுவரை மறைத்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். எங்கள் ஆசிரியை என் தோளைத் தொட்டுவிட்டு முன்னால் போனார்.

வெளியே வந்து நடக்கும்போது அந்தத் தோழி பக்கத்தில் வந்தாள். "எங்க யூனிட்ல அப்படியெல்லாம் இல்லடி" என்றாள்.

"இருக்காது. அங்க லேடீஸ் பாத்ரூம் எப்படி இருக்கும்?"

அவள் யோசித்தாள். யூனிட்டுக்குப் போனால் அவள் அப்பாவின் ஆபீஸ் ரூம் பாத்ரூமைத்தான் பயன்படுத்துவாள். அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ரயில் நிலையம்வரை பேசாமல் நடந்தோம்.

போகிற வழியில் பெரிய பெரிய துணிக் கடைகள். ஒரு காலத்தில் தைத்த இடத்தில் இப்போது விற்கிறார்கள். உள்ளே போய் டி-ஷர்ட்டுகளின் கழுத்துக்குள் லேபிளைப் புரட்டினேன். வியட்நாம். பங்களாதேஷ். இந்தோனேசியா. மறுபடி வியட்நாம். இந்தியா என்று நான் பார்த்த ஒன்றிலும் இல்லை. ஒவ்வொரு லேபிளுக்குப் பின்னாலும் ஒரு கைமடி இருப்பாள். அவளை அந்த ஊரில் என்ன சொல்லி அழைப்பார்களோ.

கடைசி நாள் எல்லோரும் முகத்துக்குப் பூசும் க்ரீம் வாங்கப் போனார்கள். நான் தோங்தேமுனில் தையல் சாமான் விற்கும் பெரிய கட்டடத்துக்குப் போனேன். நூல், பட்டன், ஜிப், லேஸ் என்று மாடி மாடியாக இருக்கிறது. நூல் வெட்டும் சின்னக் கத்தரி ஒன்று வாங்கினேன்.

ஊருக்கு வந்த அன்றிரவு அம்மா பாசித்தாளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன கண்ணு, கார்பன் பேப்பராட்ட இருக்குது" என்று கடித்துவிட்டு, மிச்சத்தை என்னிடமே தந்தாள். கத்தரியை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டு தரம் அமுக்கி, "ட்ரிம்மர் நல்லாருக்குது" என்றாள். பிறகு போனில் படங்களைத் தள்ளினாள். அரண்மனை வேகமாகப் போனது. ஹான்போக் படத்தில் ஒரு நொடி நின்றாள். தையல் அறைப் படத்தில் விரலை வைத்துப் பெரிதாக்கினாள்.

"இவிய எங்க பாத்ரூம் போவாங்களாமா?"

சொன்னேன். எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. வரிசை. முறைத்துப் பார்க்கும் முதலாளி. அம்மா போனைக் கீழே வைத்தாள்.

"நான் சேந்த புதுசுல ரண்டு மணி நேரம் கேட்டுக் கேட்டுப் பாத்தேன் கண்ணு. பீஸ் முடியட்டும் முடியட்டும்னே சொன்னாங்க. துணியோடயே போயிட்டேன். தண்ணி பாட்டலு கவுந்துருச்சுன்னு சொல்லி நானே தொடச்சேன். அதுல இருந்துதான் காலைல தண்ணி குடிக்கறதில்ல."

அம்மா காலையில் தண்ணீர் குடிக்கமாட்டாள் என்பது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரியும். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் புறப்படும் முன் அம்மா கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் அப்போது என் காதில் விழுந்தது. 'அதெல்லாம் இருக்கும்மா.'

இரண்டு மாதம் கழித்து அந்தத் தோழியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "யூனிட்ல போய்ப் பாத்தேன்டி. உள்தாழ்ப்பாள் இல்ல." அடுத்த வாரம் இன்னொன்று: "போட்டாச்சு. ஆனா ஒண்ணுதான் இருக்கு, அறுபது பேருக்கு. அப்பாகிட்ட சண்டை நடக்குது."

நான் இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அந்த மனுவைக் கட்டடத்து முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன்; அது அவளுக்கு மறக்கவில்லை. "அவிய செவுத்துலயே எழுதிட்டாங்க. நீ புஸ்தகத்துல எழுதறதுக்கு என்ன, எழுது" என்றாள்.

"உன் பேரைப் போடட்டுமா?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிசிறு வெட்டுகிற மாதிரி கத்தரியைச் சும்மா இரண்டு தரம் அமுக்கினாள்.

"பேரு வேண்டாங் கண்ணு. சனிக்கெழம சம்பளம் வாங்கோணும்."